திரும்பத் திரும்ப வெள்ளைப்படுதல்: ஏழாவது தடவைக்கு ஏழாவது மாத்திரை வேண்டாம்

ஒரு சகோதரி கேட்டிருக்கும் கேள்வி இது: “வயது 34, இரண்டு குழந்தைகள். இரண்டு வருடமாக வெள்ளைப்படுதலும் அரிப்பும் விட்டு விட்டு வருகிறது. ஏழு தடவையாவது வந்திருக்கும். மாத்திரை போட்டால் பத்து நாள் நன்றாக இருக்கிறது, பிறகு பழைய கதை. மாமியார் உடம்புச் சூடு என்கிறார். வீட்டுக்காரரிடம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. இதற்கு நிரந்தரத் தீர்வே இல்லையா?”

நிரந்தரத் தீர்வுக்குப் பிறகு வருகிறேன். முதலில் நான் ஒன்று கேட்கிறேன். அந்த ஏழு தடவையில் எத்தனை தடவை உங்களைப் படுக்க வைத்து, விளக்கு போட்டு, உள்ளே பார்த்து, நீரை எடுத்துச் சோதித்தார்கள்? இருபது வருடமாக மகப்பேறு மருத்துவராக இருக்கிறேன். பெரும்பாலும் எனக்குக் கிடைக்கும் பதில், “ஒரு தடவைகூட இல்லை டாக்டர், சொன்னதும் எழுதிக் கொடுத்துட்டாங்க” என்பதுதான்.

இந்தத் தொல்லையோடு வருகிறவர்கள் அநேகமாக ஒரு பையோடு வருவார்கள். மேஜையில் கவிழ்த்தால் கத்தரியால் நறுக்கிய மாத்திரை அட்டைத் துண்டுகள், பாதி பிதுக்கிய க்ரீம் ட்யூப், ஒரு வாஷ் பாட்டில். மருந்தின் பெயர் இருந்த பக்கம் மெடிக்கல் ஷாப்பிலேயே தங்கியிருக்கும். துண்டில் மிஞ்சியது ‘சோல்’ என்ற வால் மட்டும். ஃப்ளூகோனசோல், க்ளோட்ரிமசோல், மெட்ரோனிடசோல், செக்னிடசோல் எல்லாவற்றுக்கும் அதே வால்தான். ஆனால் முதல் இரண்டும் பூஞ்சையைக் கொல்பவை. அடுத்த இரண்டும் சில பாக்டீரியாவையும் ஒட்டுண்ணியையும் கொல்பவை. ஒன்றுக்கான மருந்தை இன்னொன்றுக்குப் போட்டால் தண்ணீர் குடித்த மாதிரிதான். “அதே மாத்திரைதான் போட்டேன்” என்று நீங்கள் நினைப்பது அதே மாத்திரையாக இல்லாமலும் இருக்கலாம். “அதே நோய்தான் திரும்பி வந்தது” என்பதும் அப்படியே.

நீங்கள் கெட்டிக்காரரா இல்லையா என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. அமெரிக்காவில் 2002இல் வெளியான ஓர் ஆய்வில், பூஞ்சைத் தொற்று என்று தாங்களே முடிவு செய்து கடையில் மருந்து வாங்கிய 95 பெண்களைப் பரிசோதித்தார்கள். அவர்களில் மூன்றில் ஒருவருக்குத்தான் வெறும் பூஞ்சைத் தொற்று இருந்தது. மற்றவர்களுக்கு வேறு தொற்று, கலந்த தொற்று, அல்லது தொற்றே இல்லை. முன்பு ஒரு முறை வந்து அனுபவப்பட்டவர்களும் மற்றவர்களைவிடச் சரியாக ஊகிக்கவில்லை.

அரசு மருத்துவமனையில் பச்சை நிறக் கிட் ஒன்று கொடுத்திருப்பார்கள். அதில் செக்னிடசோலும் ஃப்ளூகோனசோலும் சேர்ந்தே இருக்கும். மைக்ராஸ்கோப் இல்லாத இடத்தில் ஒருவரையும் வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று யோசித்துச் செய்த ஏற்பாடு அது, முதல் தடவைக்குக் குறை சொல்ல மாட்டேன். ஏழாவது தடவைக்கும் அதையே தருவது வைத்தியம் ஆகாது.

யோனிக்குள் இயல்பாகவே நீர் ஊறும். அங்கே லாக்டோபேசிலஸ் என்ற நல்ல பாக்டீரியா குடியிருக்கிறது, தயிரை உறைய வைக்கும் குடும்பத்தின் உறவுக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈஸ்ட்ரோஜென் ஹார்மோனால் யோனிச் சுவரில் சேரும் மாவுச்சத்தைத் தின்று அது லாக்டிக் அமிலம் சுரக்கிறது. அதனால் அந்த இடத்தின் அமில அளவு, அதாவது பிஹெச், 3.8 முதல் 4.5 வரை இருக்கும். அந்தப் புளிப்புதான் காவல். முட்டை வெளிவரும் நாட்களில் கோழை மாதிரி தெளிவாக இழுபடுவதும், மாதவிலக்குக்கு முன் கொஞ்சம் வெள்ளையாகக் கெட்டிப்படுவதும், கர்ப்பத்தில் அதிகமாவதும் நோயல்ல. அரிப்பு, எரிச்சல், நாற்றம், நிறமாற்றம் இல்லாத வெள்ளைக்கு வைத்தியமே தேவையில்லை.

பரிசோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். பிஹெச் பார்க்கும் மஞ்சள் காகிதத்தில் ஒரு சொட்டு தொடுவேன். மஞ்சளாகவே நின்றால் புளிப்பு இருக்கிறது, பச்சைப் பக்கம் போனால் புளிப்பு குறைந்துவிட்டது. கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு உப்புநீரோடு, இன்னொரு சொட்டு பொட்டாசியம் ஹைட்ராக்சைடோடு. இரண்டாவதில் குப்பென்று மீன் கவிச்சி அடித்தால் பக்கத்தில் நிற்கும் நர்ஸே சொல்லிவிடுவார், ஆனாலும் மைக்ராஸ்கோப்பில் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும். அதில் தெரிவது இவைதான்: மூங்கில் கணு மாதிரி கிளைவிட்ட இழைகள் என்றால் பூஞ்சை. ரவையில் புரட்டி எடுத்தது போல ஓரமே தெரியாமல் பாக்டீரியா அப்பிய செல்கள் என்றால் பாக்டீரியல் வஜைனோசிஸ். தலைப்பிரட்டை மாதிரி துள்ளித் துள்ளி ஓடினால் டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணி. அது ஓடுவதைப் பார்க்கச் சொட்டு சூடு ஆறுவதற்குள் பார்த்துவிட வேண்டும், அதனால்தான் பல லேப்களில் அது தப்பித்துவிடுகிறது.

நீங்கள் எழுதியதில் ஒரு துப்பு இருக்கிறது. அரிப்பு முதன்மையாக இருந்து, மாதவிலக்குக்கு முந்தைய வாரத்தில் ஏறி, தூரம் வந்ததும் தணிந்தால் பூஞ்சைப் பக்கம் சாய்கிறது. அரிப்பு அவ்வளவாக இல்லாமல், நாற்றம் முதன்மையாக இருந்து, தூரம் முடிந்த கையோடோ தாம்பத்தியத்துக்கு மறுநாளோ கூடினால் பாக்டீரியல் வஜைனோசிஸ் பக்கம். ரத்தமும் விந்தும் காரத்தன்மை கொண்டவை, புளிப்பைக் குறைத்துவிடுகின்றன. இது துப்புதான், தீர்ப்பு அல்ல.

பூஞ்சையையே முதலில் எடுத்துக்கொள்கிறேன், உங்களுக்கு அதுவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நான்கில் மூன்று பெண்களுக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது வருவது இது. வருடத்தில் மூன்று முறை அல்லது அதற்கு மேல் வந்தால் ‘திரும்பத் திரும்ப வருவது’ என்று கணக்கு. அப்படி வந்தால் ஒரு மாத்திரை, ஆறு நாள் உள்ளே வைக்கும் பெஸரி என்ற சின்ன வைத்தியம் எடுபடாது. முதலில் ஃப்ளூகோனசோல் 150 மில்லிகிராம் மொத்தம் மூன்று மாத்திரை: முதல் நாள், நாலாம் நாள், ஏழாம் நாள். அடங்கிய பிறகு வாரம் ஒன்று வீதம் ஆறு மாதம்.

இந்த ஆறு மாதத்தில்தான் எல்லோரும் வழுக்குகிறார்கள். மூன்றாவது வாரமே சுகமாகிவிடும், “நல்லாத்தானே இருக்கு, எதுக்குச் சும்மா மாத்திரை” என்று நிறுத்திவிடுவார்கள். என்னிடம் வரும் ஓர் அம்மா, தலைக்குக் குளிக்கும் வெள்ளிக்கிழமையையே மாத்திரை நாளாக வைத்துக்கொண்டு தினசரி காலண்டரில் சீயக்காய் பக்கத்தில் ஒரு ‘மா’ எழுதி வைத்தார். 26 வெள்ளிக்கிழமை. ஒன்றுகூடத் தவறவில்லை.

நிரந்தரமா என்று கேட்டீர்களே, அதற்கான பதில் இங்கே இருக்கிறது. 2004இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், வாரா வாரம் ஃப்ளூகோனசோல் எடுத்தவர்களில் 100க்கு 91 பேர் ஆறு மாத முடிவில் தொல்லையில்லாமல் இருந்தார்கள், மருந்தே இல்லாத வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 36 பேர். மாத்திரையை நிறுத்தி இன்னும் ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது அந்த 91 என்பது 43 ஆகிவிட்டது, மற்றவர்களில் 22. பாதிக்குப் பாதி மறுபடி வரும் என்று தெரிந்தே தொடங்குங்கள். வந்தால் நீங்கள் எதையோ தப்பாகச் செய்தீர்கள் என்று அர்த்தமில்லை, மறுபடி ஒரு சுற்றுப் போக வேண்டும், அவ்வளவே. கர்ப்பமாக இருந்தாலோ முயற்சியில் இருந்தாலோ இந்த மாத்திரை வேண்டாம், ஏழு நாள் உள்ளே வைக்கும் க்ளோட்ரிமசோல்தான். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், கொலஸ்ட்ராலுக்கு ஸ்டாட்டின் சாப்பிடுகிறவர்களும், கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

அந்த ஆறு மாதத்தைத் தொடங்கும் முன் மூன்று விஷயங்களைப் பார்த்தே ஆக வேண்டும்.

சர்க்கரை. வெறும் வயிற்றுச் சோதனையோடு நிறுத்தாமல் மூன்று மாதச் சராசரி, அதாவது ஹெச்பிஏ1சி பாருங்கள். தனக்குச் சர்க்கரை இருப்பதே இந்த அரிப்பால் தெரியவந்த பெண்கள் எத்தனையோ பேர். ஏற்கெனவே சர்க்கரைக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் சீட்டில் ‘கிளிஃப்ளோசின்’ என்று முடியும் பெயர் இருக்கிறதா பாருங்கள்: டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின். இவை சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் மருந்துகள். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லவை. ஆனால் சர்க்கரை கலந்த சிறுநீர் படும் இடத்தில் பூஞ்சைக்கு விருந்து. 2020இல் டாபாகிளிஃப்ளோசினுக்கும் 2025இல் எம்பாகிளிஃப்ளோசினுக்கும் இந்தியாவில் காப்புரிமை முடிந்து விலை இறங்கியதிலிருந்து, இந்த மருந்தால் அரிப்பு என்று வருகிறவர்கள் என் ஓபியில் கூடிவிட்டார்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். சர்க்கரை டாக்டரிடம் போய் “இங்கே அரிக்குது” என்று சொல்லுங்கள். அவர் ஆணாக இருந்தால் பல பெண்கள் சொல்வதில்லை, அதுதான் பிரச்சினை.

அடுத்து க்ரீம். “எல்லாத்துக்கும் கேக்கும்” என்று கடையில் தரும் மூன்று மருந்து கலந்த ட்யூபில் குளோபெட்டாசால் என்ற வீரியமான ஸ்டீராய்டு பெரும்பாலும் இருக்கும். தடவிய அன்றே அரிப்பு நிற்கும், அதனால்தான் அதன்மேல் அவ்வளவு நம்பிக்கை. மருத்துவர் பார்க்காமல் மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து, பூஞ்சை உள்ளே செழித்து, நிறுத்திய உடனே இரண்டு மடங்காக அரிக்கும். தொடையிடுக்கில் வட்டமாகப் படர்ந்திருந்தால் அது படர்தாமரை, அது வேறு பூஞ்சை, வேறு வைத்தியம்.

மூன்றாவது கல்ச்சர். அதாவது எடுத்த நீரில் இருப்பது இன்ன பூஞ்சை என்று லேபில் வளர்த்துப் பார்க்க வேண்டும். வழக்கமாக வருவது கேண்டிடா அல்பிகன்ஸ். அதன் சகோதரி கிளாப்ரட்டா ஃப்ளூகோனசோலுக்கு எளிதில் மசியாது. அதற்கு 600 மில்லிகிராம் போரிக் அமிலம் ஜெலட்டின் காப்ஸ்யூலில் யோனிக்குள் இரவில் வைக்கும் முறை ஒன்று உண்டு, இரண்டு மூன்று வாரத்துக்கு. கேரம் போர்டில் தூவுகிற போரிக் பவுடர் ஞாபகம் வருகிறதா? சரக்கு அதுவே, ஆனால் வீட்டில் இருப்பதை எடுத்துப் பரிசோதனை செய்யாதீர்கள். வாய்க்குள் போனால் விஷம். கர்ப்பிணிகளுக்குக் கூடாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் பூட்டி வைக்க வேண்டிய பொருள்.

இனி நாற்றம் முதன்மையாக உள்ள பாக்டீரியல் வஜைனோசிஸ். இங்கே வெளியிலிருந்து ஒரு கிருமி வந்து தாக்குகிறது என்பதைவிட, நல்ல பாக்டீரியா காலி செய்த வீட்டில் கார்ட்னரெல்லாவும் அதன் கூட்டாளிகளும் குடியேறிவிட்டார்கள் என்பதே சரி. குடியேறிச் சுவரில் பாசி மாதிரி படலமாக அப்பிக்கொள்கிறார்கள். மெட்ரோனிடசோல் 400 அல்லது 500 மில்லிகிராம் இரண்டு வேளை, ஏழு நாள். வாயில் இரும்பு ருசி அடிக்கும், மூன்றாம் நாளே நாற்றம் போய்விடும், ஆனாலும் முடியுங்கள். முடித்தவர்களிலும் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரு வருடத்துக்குள் திரும்புகிறது. அப்படித் திரும்புகிறவர்களுக்கு மெட்ரோனிடசோல் ஜெல்லை வாரம் இரண்டு முறை நாலு முதல் ஆறு மாதம் வைக்கச் சொல்வோம்.

ஏன் திரும்புகிறது என்பதில் பல வருடம் நாங்கள் தப்பான பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தோம். “வீட்டுக்காரருக்கு மருந்து தேவையில்லை” என்று நானே நூற்றுக்கணக்கானவர்களிடம் சொல்லியிருக்கிறேன். 2025இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னிலிருந்து வந்த ஆய்வு அதை மாற்றிவிட்டது. ஒரே துணையோடு வாழும் தம்பதிகளில், மனைவிக்கு மட்டும் மருந்து கொடுத்தபோது 12 வாரத்தில் 63 சதவீதம் பேருக்குத் திரும்பியது. கணவருக்கும் ஏழு நாள் மெட்ரோனிடசோல் மாத்திரையும், ஆணுறுப்பின் தோலில் தடவ 2 சதவீத கிளிண்டமைசின் க்ரீமும் கொடுத்தபோது 35 சதவீதம்தான். வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வையே பாதியில் நிறுத்திவிட்டார்கள். எனவே உங்களுக்கு இது என்று உறுதியானால், கணவரையும் கூட்டி வாருங்கள். அவருக்கு அறிகுறி எதுவும் இருக்காது. பூஞ்சைக்கு இந்த ஏற்பாடு பொதுவாகத் தேவையில்லை, அவருக்கும் அரிப்போ சிவப்போ இருந்தால் மட்டும் பார்க்க வேண்டும்.

டிரைக்கோமோனாஸ் என்றால் பேச்சே இல்லை, இருவரும் ஒரே நேரத்தில் மருந்து எடுக்க வேண்டும், முடியும் வரை உறவு கூடாது, மூன்று மாதம் கழித்து மறு பரிசோதனை. உடலுறவில் பரவுவது என்றாலும், அறிகுறி இல்லாமல் மாதக்கணக்கில் உடம்பில் தங்கக்கூடியது. நேற்று யார் என்ன செய்தார்கள் என்று இதை வைத்துச் சண்டை போட முடியாது. கூடவே ஹெச்ஐவி, சிஃபிலிஸ் சோதனையும் செய்துவிடுவது வழக்கம். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் இதற்கு சுகவாழ்வு மையம், நம்பிக்கை மையம் என்று தனி அறைகள் உண்டு, இலவசம்.

இது எதுவுமே இல்லாமலும் அரிக்கலாம். சோப்பு, நாப்கினின் மேல்தாள், வாசனை வாஷ், டெட்டால் கலந்த தண்ணீர் எல்லாம் தோலைப் புண்ணாக்கும். மாதவிலக்கு நின்றவர்களுக்கு ஈஸ்ட்ரோஜென் குறைந்து யோனி உலர்ந்து எரியும், அவர்களுக்குப் பூஞ்சை மாத்திரை கொடுப்பது வீண், உள்ளே வைக்கும் ஈஸ்ட்ரோஜென் க்ரீம் வேண்டும். தோல் காகிதம் போல வெளுத்து மடிப்புகள் ஒட்டத் தொடங்கினால் லைக்கன் ஸ்கிளெரோசஸ் என்ற தோல் நோய். பத்து வருடம் ‘இன்ஃபெக்‌ஷன்’ என்றே மருந்து சாப்பிட்டுவிட்டு வந்த ஓர் ஆசிரியைக்கு நான் செய்ததெல்லாம் டார்ச் அடித்துப் பார்த்ததுதான். அதற்கு வைத்தியம், நான் மேலே திட்டிய அதே குளோபெட்டாசால், ஆனால் அளவோடு, கண்காணிப்பில்.

மாமியார் சொல்லும் சூடு பற்றி. வெள்ளைப்பட்டால் எலும்பு உருகுகிறது, சத்தெல்லாம் போகிறது என்று நம் ஊரில் நினைப்பதை நான் கேலி செய்ய மாட்டேன். கோவாவில் 2,494 பெண்களிடம் நடந்த ஆய்வில், வெள்ளைப்படுதல் என்று சொன்னவர்களிடம் தொற்றைவிட மனச்சோர்வும் உடல் அலுப்பும்தான் வலுவாகச் சேர்ந்து நின்றன. ‘வெள்ளை’ என்று சொன்னால்தான் வீட்டில் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள், ‘மனசு சரியில்லை’ என்றால் யார் அனுப்புவார்? எலும்பு உருகாது. இளநீரும் வெந்தயமும் குடிக்க நல்லவை, குடியுங்கள். பூஞ்சைக்கு அவை மருந்தல்ல. தயிர் சாதமும் அப்படியே. தயிரை உள்ளே தடவச் சொல்லும் வீடியோக்களை நம்பாதீர்கள், கடைத் தயிரில் இருப்பது யோனியில் வாழும் ரகம் அல்ல.

தினசரி விஷயத்தில் நான் சொல்வது கொஞ்சம்தான். உள்ளே கழுவவே வேண்டாம், தண்ணீர் பீய்ச்சுவதும் விரல் விட்டுக் கழுவுவதும் நல்ல பாக்டீரியாவை வழித்துக்கொண்டு போய்விடும். வெளியே வெறும் தண்ணீர் போதும். விளம்பரத்தில் வரும் வாஷ் எதுவும் தேவையில்லை. பருத்தி உள்ளாடை, ஈரம் காய்ந்தது. காய்ந்தது என்பதை அழுத்திச் சொல்கிறேன். நம் வீடுகளில் ஜட்டியைக் கொடியில் துண்டுக்கு அடியிலோ, பாத்ரூம் கதவுக்குப் பின்னாலோ ஒளித்துக் காயப்போடுவோம். மழைக்காலத்தில் அது மறுநாளும் சில்லென்றே இருக்கும், அதையே மாட்டிக்கொண்டு மேலே லெக்கிங்ஸும் போட்டு எட்டு மணி நேரம் ஜவுளிக்கடையில் நிற்பார்கள். யார் பார்த்தால் என்ன, வெயிலில் போடுங்கள். ஆனால் சுத்தமாக இல்லாததால்தான் இந்த நோய் வருகிறது என்று மட்டும் நினைக்காதீர்கள். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் தேவைக்கு மேல் கழுவுகிறவர்கள்.

இவற்றில் ஒன்று இருந்தால் காத்திருக்க வேண்டாம்: காய்ச்சலோடு அடிவயிற்று வலி, உறவுக்குப் பின் ரத்தம், மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம், தண்ணீர் மாதிரி நாற்றத்தோடு ரத்தம் கலந்து படுவது, கர்ப்ப காலத்தில் எந்த மாற்றமும். 30 வயதைத் தாண்டிவிட்டீர்கள், கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்க்கான சோதனையை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்கிறார்கள். எப்படியும் படுத்துவிட்டீர்கள், அதையும் முடித்துக்கொண்டு எழுந்திருங்கள்.

வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது என்றால், “உங்களால வந்துச்சு” என்றும் “எனக்கு என்னமோ ஆயிடுச்சு” என்றும் தொடங்காதீர்கள். “டாக்டர் ரெண்டு பேரையும் வரச் சொன்னாங்க, ஏழு நாள் மாத்திரை இருக்கலாம்” போதும். மீதியை நாங்கள் பேசிக்கொள்கிறோம். க்ளோட்ரிமசோல் க்ரீமும் பெஸரியும் ஆணுறையைப் பலவீனமாக்கும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுவோம்.

இப்போது தொல்லை இல்லாத நாளில் வந்தால் எனக்கு ஒன்றும் தெரியாது. அடுத்த முறை அரிப்பு தொடங்கிய அன்றே வாருங்கள், மாத்திரை போடும் முன். அதற்கு முந்தைய இரண்டு நாள் உறவு வேண்டாம், உள்ளே எதுவும் வைக்க வேண்டாம், தூரமான நாட்களாக இருக்க வேண்டாம். காப்பர் டி வைத்திருந்தால் எந்த வருடம் என்று நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். இந்த ஏழு தடவையும் எந்தத் தேதி, தூரத்துக்கு எத்தனை நாள் முன் பின், என்ன போட்டீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். அந்த அட்டைத் துண்டுகளையும் தூக்கிப் போட்டுவிடாமல் பையோடு கொண்டுவாருங்கள்.